கோயில் என்னும் சொல்லும் தோர்ணக்கல் ஆலயமும்

திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவர் வாழும் சிற்றூர்களுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ஞாயிறு காலையில் அங்குள்ள மூதாட்டி ஒருவர் வெள்ளைச் சேலை உடுத்து, வேத புத்தகத்தைக் கையில் ஏந்தி, ‘கோயிலுக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்வார். ‘சர்ச்சு’ என்ற சொல் பட்டணத்துச் சொல். ‘தேவாலயம்’ என்பது ஏட்டுச் சொல். நாட்டுப்புறத்துத் தமிழ்க் கிறித்தவரின் நாவில் பெரும்பாலும் வழங்குவது கோயில் என்பதே. கோ என்றால் தலைவன். இல் என்றால் வீடு. அரசன் வாழ்ந்த மனையையும் ஆண்டவன் உறையும் இடத்தையும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். அச்சொல்லைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் தம்முடையதாகவே போற்றி வந்துள்ளனர்.

ஆயினும் சொல் தமிழாயிருந்ததே தவிர, வடிவம் தமிழாயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்பாண்டி நாட்டில் எழுந்த கிறித்தவக் கோயில்கள் பல, ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாற்போன்ற தோற்றமுடையவை. இச்சொல்லுக்கு ஏற்ற வடிவைக் கல்லில் சமைத்துக் காட்ட ஒரு தமிழர் முனைந்தார். அவர் அதைச் செய்த இடம் தமிழகமன்று. நாம் குடியேறி வாழும் இந்தத் தெலுங்கு நாடு. அந்தக் கோயிலின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்ஞ்ஞானபுரத்துக் கூர்கோபுரம்

திருச்செந்தூருக்குத் தெற்கே செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் சூழ்ந்த நிலப்பகுதியில் மெய்ஞ்ஞானபுரம் என்னும் ஊர் உள்ளது. ஜான் தாமஸ் என்னும் வேல்ஸ் நாட்டுப் போதகர் 1837 ஆம் ஆண்டு அங்கு வந்து தங்கினார். பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, கிணறு, தெரு, தோட்டம் என ஓர் ஊரையே அவர் வகுத்தமைத்தார். நடுவே தூய பவுலின் பெயரால் ஓர் ஆலயம் எழுந்தது. 1847 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அந்த ஆலயம் மேனாட்டுக் காதிக் பாணியில் அமைந்தது. பின்னர் எழுப்பப்பட்ட அதன் கூர்கோபுரம் ஏறத்தாழ 190 அடி உயரமுடையது. பனைமரங்களுக்கு மேலே அது தலைதூக்கி நிற்பதை நெடுந்தொலைவிலிருந்தே காணலாம்.

காதிக் பாணி என்பது யாது? கூரிய முனையுடைய வளைவுகள், மேல்நோக்கி ஊசிபோல் நீளும் கோபுரம், உயர்ந்து ஒடுங்கிய சாளரங்கள் ஆகியவற்றை உறுப்புகளாகக் கொண்டது அது. பனி பெய்யும் நாடுகளில், மங்கிய வெயிலைச் சேர்த்துப் பிடித்து உள்ளே ஒளி பாய்ச்சுவதற்கெனப் பிறந்த கலை. அதனளவில் அது மிகச் சிறந்த கலையே. அதனை இழித்துரைப்பது நம் கருத்தன்று. ஆனால் நம் நாட்டில் ஒளியைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. நிழலைத்தான் தேட வேண்டும். நம் மண்டபங்கள் தூண்களை நெருக்கமாக நிறுத்தி, கூரையைத் தாழ்த்தி, நிழலையும் குளிர்ச்சியையும் தேக்கிவைத்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

இந்தக் கூர்கோபுரத்தின் நிழலில், மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அருகிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ப் போதகர். பள்ளிச் சிறுவரின் கண்ணில் நாள்தோறும் பட்ட கட்டடம் அவர் உள்ளத்தில் பதியாமல் போகாது. பின்னாளில் தாமே ஒரு பெருங்கோயிலை எழுப்பும் வாய்ப்பு வந்தபோது, இளமையில் பதிந்த வடிவை அவர் ஏன் விடுத்தார் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

பட்டம் பெறாத மாணவர்

பாளையங்கோட்டைப் படிப்புக்குப் பின், அசரியா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் அது கடற்கரைக்கு அண்மையில், எஸ்பிளனேடு பகுதியில் இருந்தது. கணிதம் பயின்றார், ஆனால் இறுதித் தேர்வின்போது நோயுற்றமையால் பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டம் பெற்று அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் கோப்புகளில் குறிப்பெழுதிக் கொண்டிருக்கும் நம்மைப் போன்றோர் இந்த இடத்தில் சற்று எண்ணிப் பார்க்கலாம். பட்டமில்லாத அந்த மனிதருக்கு 1920 இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

கல்லூரியை விட்டபின் ஒய்.எம்.சி.ஏ. இளைஞர் சங்கத்தில் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1902 இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டு கடல் கடந்தும் சமயப் பணிக்கு ஆள் அனுப்புவதைக் கண்டு வியந்தார். பிறர் பணத்தில் நடப்பது வேறு, தம் பணத்தில் நடப்பது வேறு என்ற உணர்வு அவருள் எழுந்தது. அதன் பயனாக 1903 இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆளும் தமிழர், பொருளும் தமிழருடையது. பனையேறிகளும் சிறு வணிகரும் வீட்டுப் பெண்களும் அளித்த காணிக்கையே அதன் முதல். அச்சங்கம் தன் பணிக்களமாகத் தேர்ந்த இடம் நிசாம் நாட்டின் கிழக்குப் பகுதி. மானுகோட்டா எனப்பட்ட இன்றைய மகபூபாபாத்தும் தோர்ணக்கல்லும் அதனுள் அடங்கும்.

நிசாம் நாட்டில் ஒரு தமிழர்

ஐதராபாத்திலிருந்து காசிப்பேட்டை, விசயவாடா வழியாகச் சென்னை செல்லும் இருப்புப்பாதையை நம்மில் அறியாதார் இலர். கோடை விடுமுறைக்கும் திருமணத்துக்கும் இழவுக்கும் நாம் பயணம் செய்யும் பாதை அது. வாரங்கலைக் கடந்தபின், கம்மத்துக்கு முன்பாக, தோர்ணக்கல் சந்திப்பு வருகிறது. நிலக்கரி விளையும் கொத்தகூடம் பக்கத்துக்குக் கிளைப்பாதை பிரியும் இடம் அது. சார்மினார் விரைவு வண்டியில் செல்வோர் பலர் அந்நேரத்தில் உறங்கிக் கொண்டிருப்பர். நூறு முறை கடந்தும் ஒருமுறையும் காணாத ஊர் என்று அதனைச் சொல்லலாம்.

1909 ஆம் ஆண்டில் அசரியா தம் இளைஞர் சங்கப் பதவியைத் துறந்து இந்த ஊருக்குக் குடிவந்தார். தொடக்கத்தில் கூடாரமே வீடு. மொழி தெரியாத நாடு. முப்பத்தைந்து அகவையில் தெலுங்கு எழுத்துகளை ஒன்றிலிருந்து கற்கத் தொடங்கினார். பின்னர் அம்மொழியிலேயே போதித்தார், எழுதினார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். அவருடைய துணைவியார் அன்பு மரியம்மாள், தென்னாட்டுக் கிறித்தவப் பெண்களுள் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலருள் ஒருவர். ஊர்ப் பெண்களுக்கு எழுத்தறிவிக்கும் பணியில் அவர் பங்கு பெரிது.

1910 இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மாநாட்டில் அசரியா பேசினார். ஐரோப்பியப் போதகர்கள் இந்தியர்க்குப் பொருளும் உழைப்பும் தந்தனர். ஆனால் சமமாக அமர்ந்து உண்ணும் நட்பைத் தரவில்லை என்ற பொருள்பட அவர் பேசியது அவையை அதிரவைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1912 டிசம்பர் 29 ஆம் நாள், கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல்லின் முதற்பேராயராக அவர் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

பேராயர் என்றால் அரண்மனையும் பேராலயமும் இருக்க வேண்டுமல்லவா? தோர்ணக்கல்லில் அவை இல்லை. இருந்தவை வெட்டவெளி, சில கொட்டகைகள், பள்ளிப் பிள்ளைகள். பையன்களுக்கும் பெண்களுக்கும் விடுதிப் பள்ளிகள், போதகர் பயிற்சிப் பள்ளி, தொழிற்பயிற்சி, அச்சகம் எனப் படிப்படியாக அந்த வளாகம் வளர்ந்தது. ஆகவே தோர்ணக்கல் பேராலயம் ஒரு நகரத்துக்கு நடுவே எழுந்த கோயிலன்று. பள்ளிக்கூடங்களுக்கு நடுவே எழுந்த கோயில். மறைமாவட்டத்துக்கு அது தலைமைக் கோயில். விடுதிப் பிள்ளைகளுக்கோ அது தங்கள் பள்ளிக் கோயில்.

மேதக்கு ஒரு வழி, தோர்ணக்கல் ஒரு வழி

ஐதராபாத் வாழ் தமிழர் பலரும் மேதக்கு நகரின் பேராலயத்தைக் கண்டிருப்பர். சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்னும் வெசுலியன் போதகரின் முயற்சியால், 1914 முதல் பத்தாண்டுகள் கட்டப்பெற்று, 1924 ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் திறக்கப்பட்டது அது. பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்துக் கட்டிய கோயில் என்பதால் அதற்குத் தனிச் சிறப்புண்டு. நூறடி அகலமும் இருநூறடி நீளமும் கொண்ட அந்தப் பெருங்கட்டடத்தின் கோபுரம் ஏறத்தாழ 175 அடி உயரம். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் காலை ஒளி பாயும்போது அதன் அழகு சொல்லுந்தரமன்று.

மேதக்கு, காதிக் பாணியில் வந்தது. பஞ்சத்தில் அடிபட்ட தக்காணத்து ஏழைகளின் கைகள் ஆங்கில நாட்டுக் கலையை நிறைவேற்றின. அதே காலத்தில், அதே நிசாம் நாட்டில், தோர்ணக்கல்லில் அசரியா வேறு வழியைத் தேர்ந்தார். இந்தியனாக இருந்துகொண்டே ஒருவன் கிறித்தவனாக வாழலாம் என்பது அவர் கொள்கை. பாடலில் நாட்டு இசையையும், விழாவில் அறுவடைக் காணிக்கையையும், வழிபாட்டில் நாட்டு மரபையும் அவர் போற்றினார். கட்டடக் கலையில் மட்டும் அயல்நாட்டை நாடுவது பொருந்துமா?

கோயில் பணி விரைவில் முடியவில்லை. முதல் உலகப் போர் வந்தது. பொருள் முடை வந்தது. பேராயர் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பணம் தேட வேண்டியிருந்தது. எண்ணம் தோன்றி ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்தே வேலை நிறைவுற்றது. 1939 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6 ஆம் நாள், கீழை நாட்டு ஞானியர் விண்மீன் வழிகாட்டக் குழந்தையைக் காண வந்ததைக் கொண்டாடும் வெளிப்பாட்டுத் திருநாளன்று, ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. அத்திருநாளின் பெயரே ஆலயத்தின் பெயருமாயிற்று. கீழை நாட்டார் தம் காணிக்கையோடு வந்த நாள் என்பது அந்தக் கோயிலுக்கு மிகவும் பொருத்தமான நாளன்றோ!

ஆலயத்தின் அமைப்பு

வெளியே நின்று நோக்குவோர்க்கு முதலில் தோன்றுபவை குவிமாடங்களும் மினாரெட்டுகளும். இவை முகலாயரும் குதுபுசாகியரும் தக்காணத்துக்குத் தந்த வடிவங்கள். 1591 இல் முகம்மது குலி குதுபுசா எழுப்பிய சார்மினாரின் நிழலில் வாழும் நமக்கு அவை அயலான வடிவங்களல்ல.

உள்ளே நுழைந்தால் காட்சி மாறுகிறது. மையக் கூடத்தின் இருபுறமும் திராவிடக் கோயில் மண்டபத்தை ஒத்த தூண்கள் நிற்கின்றன. மதுரையிலும் நெல்லையிலும் சுசீந்திரத்திலும் திருச்சுற்று மண்டபங்களில் நடந்து பழகிய கால்களுக்கு அந்த இடம் புதிதாகத் தோன்றாது. தூண் சதுரமாய்த் தொடங்கிப் பட்டை மாறி மேலேறும் முறையும், தலைப்பில் பூ வேலைப்பாடு விரியும் முறையும் நம் சிற்பியர் மரபு. தூண்களில் தாமரையும் ஊமத்தம்பூவும் செதுக்கப்பட்டுள்ளன. தாமரை இந்நாட்டின் மலர். ஊமத்தை இறப்பைக் குறிப்பது. சிலுவையின் கதையை இறப்பும் மலர்ச்சியும் எனச் சொல்வதற்கு இவ்விரு பூக்களும் பயன்பட்டன. ஊமத்தையைச் சிவபெருமான் சூடும் மலராகத் தேவாரம் பாடிய நாட்டில் பிறந்த ஒருவர், நச்சுப்பூ ஒன்றுக்குத் தம் கோயிலில் இடம் கொடுத்ததில் வியப்பில்லை.

இந்த இணைப்பு தெலுங்கு மண்ணுக்கும் புதிதன்று. தோர்ணக்கல்லுக்கு வடக்கே உள்ள அனுமகொண்டாவில் காகதீய மன்னன் உருத்திரதேவன் 1163 இல் எழுப்பிய ஆயிரங்கால் கோயில் உள்ளது. 1213 இல் எழுந்த இராமப்பர் கோயிலும் அந்நாட்டதே. 2021 இல் அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கடைசல் பிடித்தாற்போல் வழவழப்பான கருங்கல் தூண்களுக்கு இவ்விரண்டும் பெயர் பெற்றவை. ஆக, தூண் மண்டபம் என்பது அசரியா தெற்கிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த பொருள் மட்டுமன்று. அவர் வந்து சேர்ந்த நாட்டின் பழஞ்செல்வமும் ஆகும். கொண்டுவந்ததும் வந்த இடத்தில் கண்டதும் ஒன்றையொன்று தழுவி நிற்பதை அக்கோயிலில் காணலாம்.

நம் நகரத்தவர்க்கு எளிதில் விளங்கும் ஓர் ஒப்புமையும் உண்டு. உசுமானியாப் பல்கலைக்கழகத்தின் கலைக்கல்லூரிக் கட்டடத்தைக் காணாத ஐதராபாத் தமிழர் இலர். நம் பிள்ளைகள் பலர் அதன் படிகளில் ஏறி இறங்கியவர்கள். இந்துக் கோயில் தூண்களின் வடிவையும் இசுலாமிய வளைவுகளையும் ஒன்றாக இணைத்து அமைத்த அக்கட்டடம் 1939 டிசம்பர் 4 ஆம் நாள் திறக்கப்பட்டது. நிசாமின் அரசு தன் செல்வமனைத்தையும் பின்னணியாகக் கொண்டு தலைநகரில் செய்ததை, அதே ஆண்டின் தொடக்கத்தில், ஏழைகளின் காணிக்கையைக் கொண்டு ஓர் இருப்புப்பாதைச் சிற்றூரில் ஒரு தமிழர் செய்து முடித்திருந்தார்.

தூண்களிடையே நடந்தவர் யார்?

கட்டடக் கலை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். கல்லையும் கலையையும் வியந்துவிட்டு விடைபெறுவது நம் வழக்கம். ஆனால் ஒரு மண்டபத்தின் பொருள் அதன் தூணில் மட்டும் இல்லை. அதனுள் நுழைபவர் யார் என்பதிலும் இருக்கிறது.

அசரியா பிறந்தது நாடார் குலத்தில். அவர் இளமைக் காலத்தில் தென்பாண்டி நாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றில் அக்குலத்தார் நுழைய இயலாது. 1897 இல் கமுதிச் சிவன் கோயிலில் நாடார்கள் நுழைந்தது பெரும் வழக்காயிற்று. மதுரையில் தொடங்கிச் சென்னை உயர்நீதிமன்றம் வழியாக இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908 இல் அங்கும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் அசரியா தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். அவர் சமயம் வேறாயினும், அந்த வழக்கின் செய்தி அவர் செவிக்கு எட்டாமல் இருந்திருக்க முடியாது.

தோர்ணக்கல்லில் அவரைச் சூழ்ந்த மக்களோ இன்னும் தாழ்த்தப்பட்டவர்கள். மாலர், மாதிகர் என்னும் இரு பிரிவினரே அவர்களுள் பெரும்பாலோர். நில உடைமையாளர்களிடம் கூலிக்கு உழைத்தவர்கள். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமை இல்லாதவர்கள். கோயில் மதிலுக்குள் கால் வைக்கக் கூடாதவர்கள். 1941 அளவில் அவருடைய மறைமாவட்டத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். அவர்களுள் மிகப்பலர் இத்தகையோரே. மதமாற்றம் பற்றி அசரியாவுக்கும் காந்தியடிகளுக்கும் 1930களில் கருத்து வேறுபாடு மூண்டது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இம்மலரின் வேலையன்று, இக்கட்டுரையின் வேலையுமன்று.

நம் உள்ளத்தைத் தொடும் வினா வேறு. தலைமுறை தலைமுறையாகத் தூண் மண்டபத்தின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட மக்களுக்கு, அதே தூண் மண்டப வடிவில் ஒரு கோயிலைக் கட்டிக் கொடுப்பது சரியா? அந்த வடிவே அவர்களுக்குப் பழைய புண்ணை நினைவூட்டாதா? கூர்கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் அயலானவையாயினும், அவற்றில் அவமானத்தின் நினைவு ஏதும் ஒட்டியிருக்கவில்லையே! இந்த எதிர்ப்புரையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மேதக்கு கோயிலைக் கட்டியவர்கள் செய்தது தவறென்று நாம் சொல்லத் தயங்குவதற்கும் இதுவே காரணம்.

ஆயினும் அசரியாவின் செயலில் வேறொரு துணிவு புலப்படுகிறது. தாழ்வாரத்தில் நிற்கப் பழகிய மக்களிடம், ‘உங்களுக்கு மறுக்கப்பட்டதை நீங்களும் வெறுத்துவிடுங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. ‘இந்தத் தூணும் இந்தத் தாமரையும் இந்நாட்டில் பிறந்த எல்லார்க்கும் உரியவை, ஆகவே உங்களுக்கும் உரியவை’ என்று கல்லால் சொன்னார் எனக் கொள்ளலாம். கலையைச் செய்த கைகளுக்கும் கலையை அனுபவித்த கண்களுக்கும் இடையே மதில் எழுப்பியது மரபின் குற்றமே தவிர, தூணின் குற்றமன்று. தூண்களைத் தாங்கும் கல்லை மலையில் வெட்டியவரும் சுமந்தவரும் எப்போதும் இம்மக்களே அல்லரோ?

1939 ஆம் ஆண்டை மீண்டும் நோக்குவோம். சனவரி 6 ஆம் நாள் தோர்ணக்கல்லில், ஊர்ப்புறத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் தூண் மண்டபத்தின் நடுவே நடந்து சென்றனர். அதே ஆண்டு சூலை 8 ஆம் நாள் மதுரையில், வைத்தியநாத ஐயரின் தலைமையில், கக்கன் முதலிய அரிசனத் தொண்டர்களும் நாடார் குலத்தைச் சேர்ந்த சண்முகமும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தனர். ஒன்று தெலுங்கு நாட்டில், மற்றொன்று பாண்டி நாட்டில். ஒன்று புதிதாக எழுப்பிய மண்டபம். மற்றொன்று பல நூற்றாண்டுகள் பழமையான மண்டபம். ஒன்றை ஒன்று அறிந்து நிகழ்ந்தவை அல்ல இவை. இரண்டு சமயத்தார், இரண்டு வழிகளில், ஏறக்குறைய ஒரே வேளையில் ஒரே முடிவுக்கு வந்தனர்: மண்டபம் பொது என்பதே அம்முடிவு.

இறுதி ஆண்டுகளும் நாம் கொள்ள வேண்டியதும்

1919 இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தென்னாட்டுத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கைக்கு வித்திட்டவர் அசரியா. அந்த ஒருமைப்பாடு 1947 செப்டம்பர் 27 ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக உருவெடுத்தது. அதைக் காண அவர் இல்லை. 1945 சனவரி 1 ஆம் நாள் தோர்ணக்கல்லில் அவர் காலமானார். தாம் எழுப்பிய கோயிலில் அவர் வழிபட்டது ஆறு ஆண்டுகளே. ஒருமைப்பாட்டுக்குப் பின் காதிக் மேதக்கும் மண்டபத் தோர்ணக்கல்லும் ஒரே திருச்சபையின் இரு பேராலயங்களாயின. இரண்டு கலைகளும் இன்று ஒரே குடும்பத்தில் வாழ்கின்றன என்பது நமக்கும் ஒரு பாடம்.

தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு கூறுவது யாது? நம்மிடையே இரு திறத்தார் உளர். ஒரு சாரார், இங்கு வந்து முப்பது ஆண்டு ஆகியும் கடைத்தெருவில் நான்கு தெலுங்குச் சொற்களுக்கு மேல் கற்காதவர்; ஊரிலிருந்து கொண்டுவந்ததை மட்டும் பெட்டியில் பூட்டிக் காப்பவர். மற்றொரு சாராரின் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. பாட்டி எழுதும் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டும். அசரியா இவ்விரு வழியிலும் செல்லவில்லை. தெலுங்கை அடி முதல் கற்றார்; தமிழ்ச் சிற்பியின் தூணையும் கைவிடவில்லை; தக்காணத்துக் குவிமாடத்தையும் மனமுவந்து மேலே ஏற்றினார். அவர் கட்டியது திருநெல்வேலியின் படியுமன்று, இங்கிலாந்தின் படியுமன்று; தோர்ணக்கல்லுக்கே உரியது.

நம் சங்கம் ஆண்டுதோறும் இளைஞர்க்குச் சுற்றுலா நடத்துகிறது. நாகார்சுனசாகரும் பத்ராசலமும் சென்று வருகிறோம். இனி வாரங்கல் செல்லும் ஆண்டில், ஆயிரங்கால் கோயிலைக் கண்டபின் அதே இருப்புப்பாதையில் இன்னும் சற்றுத் தெற்கே சென்று, தோர்ணக்கல்லில் ஒரு பகல் தங்கலாம். வழிபடுவோர்க்கு இடையூறின்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தூண்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். தாமரை எது, ஊமத்தை எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இது யாருடைய கோயில் என்று அவர்கள் கேட்டால், வெள்ளாளன்விளையில் பிறந்த ஒருவர் இந்த ஊர் மக்களுக்காக எழுப்பியது என்று தமிழிலும், கேட்பவர் இவ்வூர்ப் பிள்ளையாயின் தெலுங்கிலும், நாம் விடை சொல்லக் கற்றிருக்க வேண்டும்.